பிடிஏ அம்மா

இசக்கிசெல்விக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷமாக நல்ல பேர். கூட்டம் தவறாமல் வருவாள், முன்வரிசையில் உட்காருவாள், ஓணத்துக்குப் பாயசம் கிளறுவாள். போதாக்குறைக்குத் தாய்மார் பிடிஏவில், அதாவது அம்மாமார் சங்கத்தில், துணைத்தலைவி வேறு. இதில் ஒரே ஒரு சங்கடம், அந்த இசக்கிசெல்வி இசக்கிசெல்வியே இல்லை. பக்கத்து வீட்டு செல்லபாய்.

அசல் இசக்கிசெல்வி அந்த நேரமெல்லாம் தம்பானூரில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தொடங்கியது வள்ளியூரிலிருந்து மலையாளத்துப் பக்கம் பிழைக்க வந்த வருஷம். மகள் பேச்சிப்பிரியாவைக் கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, டைல்ஸ் ஒட்டுகிற கணவன் லிங்கராஜ் வித்துரா பக்கம் வேலைக்குப் போய்விட்டான். முதல் மாதமே கிளாஸ் பிடிஏ என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற கூட்டம். இசக்கிசெல்விக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் மலையாளம் வாயில் வராது.

"டீச்சர் ஏதாச்சும் கேட்டா நா பேந்தப் பேந்த முழிப்பேன்க்கா. பிள்ளைக்குல்லா அசிங்கம்" என்று செல்லபாயிடம் மூக்கைச் சிந்தினாள்.

செல்லபாய் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. இரண்டு பாஷையும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் வயிற்றில் ஒன்று தங்கவில்லை. "நீ வேலைக்குப் போ பிள்ளே. நான் போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாறேன்" என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

போன இடத்தில் ஷீஜா டீச்சர், "பிரியாவோட அம்மாதானே?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வீடு, ஓட்டல் வேலை, லீவு இல்லை என்று அத்தனையும் விளக்கச் சோம்பல்பட்டு செல்லபாய் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான் செய்த காரியம். அடுத்த மாதம் போனால், "வரூ செல்வி சேச்சி" என்று நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். இல்லை என்று சொல்லப் போனால் முதல் பொய் அம்பலமாகும். அதற்கடுத்த மாதம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசும் வரவில்லை. அம்மா என்று யாராவது கூப்பிட்டால் சும்மாவா இருக்கிறது?

விஷயம் தெரிந்தும் தாயும் மகளும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். சாயங்காலமானால் செல்லபாய் அளக்க ஆரம்பித்துவிடுவாள். "ஸ்கூலாட்டி அது! பிள்ளைகளே கேமரா பிடிச்சு, பிள்ளைகளே கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டி, டிவி கணக்கா காட்டுது. மத்தியானம் சோத்துக்கு வைக்க வெண்டைக்கா பின்னாடி தோட்டத்துலேருந்து வருது. நட்டதும் பிள்ளைகளாக்கும்." இசக்கிசெல்வி உள்ளூரப் பாதி நம்புவாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் மழை பெய்தால் லீவு, வாத்தியார் வராவிட்டாலும் லீவு. அரசாங்கப் பள்ளிக்கூடமாவது, கேமராவாவது!

பேச்சி அங்கே, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸ் பயிற்சி கொடுக்கிற ஸ்டூடன்ட் போலீசில் சேர்ந்தாள். விடிகாலையில் ஓட்டம், சனிக்கிழமை அணிவகுப்பு, காக்கி உடுப்பு. பேசவே கூச்சப்பட்ட பிள்ளை இப்போது தெருவில் ஹெல்மெட் போடாமல் போகிறவனை நிறுத்தி, "அண்ணே, வீட்ல ஆளு காத்திருப்பாங்க" என்று புத்தி சொல்கிறது. இரண்டு வருஷப் பயிற்சி முடிந்து கடைசி அணிவகுப்பு வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து போய், அந்தப் பிள்ளையின் தோளில் விசில் கயிறு மாட்டிவிட வேண்டும். அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம்.

அதைக் கேட்டதிலிருந்து இசக்கிசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கயிற்றை அவள் மாட்ட வேண்டும். பெற்ற வயிறு அதைத்தான் கேட்டது.

"உண்மையச் சொல்லிருவமாட்டி?" என்று மகளிடம் கேட்டாள்.

பேச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்மா. பொய் சொல்லக் கூடாதுங்கதுதான் எங்களுக்கு மொத கிளாஸே. ரெண்டு வருஷமா ஏமாத்திருக்கோம்னு தெரிஞ்சா என்னயப் பரேட்ல இருந்தே எடுத்துருவாங்க."

அப்புறம் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? செல்லபாய் அம்மாவாகவே போவது, இசக்கிசெல்வி சித்தியாகக் கூடவே போவது என்று முடிவாயிற்று.

அணிவகுப்பன்று பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதுமே இசக்கிசெல்வி அசந்துபோனாள். செல்லபாய் அளந்தது அத்தனையும் கண்முன்னால் இருந்தது. ஒரு பெண்பிள்ளை முக்காலியில் கேமராவை வைத்து, "சேச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க" என்று இவளையே விரட்டியது. வராந்தாவில் சக்கர நாற்காலிப் பையன் ஒருவனை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவன்தான் நிகழ்ச்சியை அறிவிக்கப் போகிறவனாம். ஹெட்மாஸ்டர் வேலாயுதன் சார் தாமே பந்தலுக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் அதட்டவில்லை, ஆனால் எல்லாம் நடந்தது. இந்த இடத்திலா என் பிள்ளை படிக்கிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் பார்க்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

அணிவகுப்பு தொடங்கியது. முன்னால் வாளை உயர்த்திக்கொண்டு வந்தது பேச்சி! பயல் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் அவள் ஒரு குரலுக்குக் காலை உதைத்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மாவே எழுந்து நின்று கைதட்டினார். இசக்கிசெல்வி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு மைக்கில் பேர் வாசித்தார்கள். "பேச்சிப்பிரியாவின் அம்மா, இசக்கிசெல்வி."

வாழ்நாளில் அவள் பேர் மைக்கில் வந்தது அன்றைக்குத்தான். அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பக்கத்தில் செல்லபாய் எழுந்தாள், சேலையைச் சரிசெய்தாள், மேடைப் பக்கம் பாதி தூரம் நடந்தாள். அங்கேயே நின்றாள். திரும்பி விறுவிறுவென்று வந்து இசக்கிசெல்வியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

"என்னக்கா செய்யுதிய? பிள்ளைய எடுத்துருவாங்கக்கா!"

செல்லபாய் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊரே கேட்கிற குரலில் சொன்னாள்: "டீச்சரே, குட்டியோட அம்மை இவளாக்கும். நான் பக்கத்து வீட்டுக்காரி. கள்ளம் பறஞ்சது நான். பிள்ளைய ஒண்ணும் செய்யாதிய."

மைதானமே திரும்பிப் பார்த்தது. போலீஸ் உடுப்புகளைப் பார்த்த இசக்கிசெல்வி செல்லபாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பேச்சி விறைத்து நின்ற இடத்தில் நின்றாள்.

ஷீஜா டீச்சர் மைக்கோடு இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு. "எனக்கு மூணாவது கூட்டத்திலேயே தெரியும் சேச்சி. பெத்த அம்மா யாராவது பிள்ளையைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்டும் சொல்லாம போவாங்களா? நீங்க வந்தப்போ எல்லாம் புகழ்ச்சி மட்டும்தான். ஹெட்மாஸ்டர்கிட்ட அப்பவே சொன்னேன். பிள்ளைக்காக வந்து உட்கார ஓர் ஆள் இருக்காங்க, இருக்கட்டும்னு சார் சொன்னாரு. நிஜ அம்மா என்னைக்கு வருவாங்கன்னு நாங்க காத்துட்டு இருந்தோம்."

கயிற்றை இசக்கிசெல்வி கையில் கொடுத்தார். அவள் அதை மகளின் தோளில் மாட்டினாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவைதான் கொக்கி விழுந்தது. பேச்சி சல்யூட் அடித்தாள்.

"ரெண்டு வருஷம் வரல்லியே. இப்போ சொல்லுங்க, பிள்ளையைப் பத்தி என்ன கம்ப்ளெயின்ட்?" என்று டீச்சர் மைக்கை நீட்டினார்.

இசக்கிசெல்வி முதலில் முழித்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். "எந்திச்சா பாயச் சுருட்ட மாட்டா டீச்சர். கெடந்தது கெடந்தபடி கெடக்கும். தலைக்கு எண்ணெ வையிட்டின்னா காதே கேக்காது. கீரைய வச்சா மூஞ்சியத் திருப்புதா. ராத்திரி எல்லாம் புஸ்தகம், சொன்னா ஒறங்குதாளா?" மலையாளம் வரவில்லை என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இன்ஸ்பெக்டரம்மா தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். பேச்சி மட்டும் சிரிக்க முடியாமல் விறைப்பாக நின்றாள். கண்ணீர் தன் பாட்டுக்குக் கன்னத்தில் இறங்கியது.

முன்வரிசையில் இருந்த செல்லபாய்க்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் பொய்யாக்கும் டீச்சரே! எம் பிள்ளை தங்கமாக்கும்!"

"நீங்க சும்மா இருங்கக்கா. நா அவ அம்மா" என்றாள் இசக்கிசெல்வி.

கையில் மைக் இருந்தது. அது மைதானம் முழுக்கக் கேட்டது.