ஃபிரிட்ஜில் வைத்த ஆறு கடிதங்கள்

பூட்டுத் தொழிற்சாலையில் பூட்டுகளைச் சோதிப்பது அவர் வேலை. ஒவ்வொரு பூட்டையும் மூன்று முறை பூட்டி, மூன்று முறை திறந்து பார்த்த பிறகுதான் அட்டைப்பெட்டிக்குள் போக விடுவார். வீட்டுக் கதவையும் அப்படித்தான். பஸ் முனை திரும்பிக்கொண்டிருக்கும், இவர் இன்னும் இரண்டாவது முறையில் இருப்பார். அதனால் தெருவில் அவருக்குப் 'பூட்டுக்காரர்' என்றே பெயர்.

ஆர்டர் குறைந்துவிட்டதால் இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்று மேலாளர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சம்பளம் பாதியானது. வீட்டில் யாருக்கும் வயிறு பாதியாகவில்லை. மைத்துனருக்குக் கட்டும் தவணையும் பாதியாகவில்லை.

மைத்துனர் மனைவியின் அண்ணன், சலவைக் கடைக்காரர். போன வருடம் ஃபிரிட்ஜ் வாங்கக் கடன் கொடுத்தவர். கொடுத்தவர் பேசாமல்தான் கொடுத்தார். வாங்கியவரும் பேசாமல் வாங்கியிருக்கலாம். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "ஒரு தவணை குறைஞ்சாலும் இந்த மீசையை எடுத்துடறேன் மச்சான்!" என்று சொல்லி முறுக்கிவிட்டார். இருபது வருடம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது.

"அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்றேங்க," என்றாள் மனைவி.

"நீ வாயைத் திறக்காதே. கேக்கறதா இருந்தா நானே முறையா எழுதிக் கேப்பேன்."

முறையாகத்தான் எழுதினார். வலது மூலையில் கடித எண், அதன் கீழே தேதி, ஓரத்தில் இரண்டு விரல் இடம். தபால்தலைகூட வாங்கி வைத்தார். அனுப்பத்தான் கை வரவில்லை. எழுதிய ஒவ்வொன்றையும் கோப்பில் செருகிவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார்.

இதற்கிடையில் போன மாதத் தவணைக்காகப் பீரோவை விற்றாயிற்று. அதிலிருந்த துணிகள் கட்டிலில் குவிந்தன. இந்த மாதம் மின்சாரச் செலவில் கைவைப்பதென்று முடிவாகி, ஃபிரிட்ஜை அணைத்தார். அது காலியாக நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. கதவு இருக்கிறது, தட்டு இருக்கிறது, கரப்பான் நுழையாது. இதைவிட என்ன பீரோ வேண்டும்? இஸ்திரி போட்ட சட்டைகள் நடுத்தட்டுக்குப் போயின. மகளின் பாடப் புத்தகங்கள் காய்கறிப் பெட்டிக்கு. கடிதக் கோப்பு மேல்தட்டுக்கு. முட்டைக் குழிகளில் பேனா, பசை, தபால்தலை.

"கடன் வாங்கி ஃபிரிட்ஜ் வாங்குனோம். கடனை அடைக்க ஃபிரிட்ஜை அணைச்சிட்டோம்," என்றாள் மனைவி. "பேசாம அன்னிக்கே ஒரு பீரோ வாங்கியிருக்கலாம்."

தவணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், தோளில் சலவை மூட்டையோடு மைத்துனரே வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, ஜில்லுனு ஒரு டம்ளர் தண்ணி கொடும்மா. வெயில் தோலை உரிக்குது."

"ஜில்லுனு குடிச்சா தொண்டை கட்டிக்கும்ணா. குழாய்த் தண்ணி தரேன்."

"எனக்குத் தொண்டை கட்டுனா உங்க அண்ணி உனக்குப் புதுச் சேலையே எடுத்துக் கொடுப்பா. நீ இரு, நானே எடுத்துக்கறேன்."

பூட்டுக்காரர் பாய்ந்துபோய் ஃபிரிட்ஜை மறைத்து நின்றார். மைத்துனர் ஆள் பெரிது. மாப்பிள்ளையை அலுங்காமல் நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. சட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"ஏன் மாப்ளே, சட்டைக்கெல்லாம் அவ்வளவு வேர்க்குதா?"

"மாமா, கீழே என் புக்கு இருக்கு. தண்ணி சிந்திடாதீங்க," என்றாள் மகள்.

மைத்துனர் மேல்தட்டிலிருந்த கடிதக் கோப்பை எடுத்துப் பிரித்தார். "எனக்கு எழுதின லெட்டரா? அப்ப நான்தானே படிக்கணும்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் கடிதத்தில் அவர் 'மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்கள்'. இரண்டாவதில் 'அன்புள்ள மச்சான்'. மூன்றாவது மூன்று பக்கம், முழுக்க நலம் விசாரிப்பு; கடன் என்ற பேச்சே இல்லை. நான்காவதில் கோபம்: 'தாங்கள் கேட்டவுடன் கொடுக்காமல் நாலு நாள் இழுத்தடித்திருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன்.' ஐந்தாவது, நான்காவதுக்கு மன்னிப்பு. ஆறாவதில் இரண்டே வரி: 'மூன்று மாதம் பாதித் தவணை கட்டுகிறேன். விட்ட மீதியை அதன்பின் சேர்த்துக் கட்டுவேன்.'

"இந்த ஆறாவதுக்கு என்ன குறைச்சல்? அனுப்பியிருக்கலாமே?"

பூட்டுக்காரரின் கை தானாக மீசைக்குப் போனது. "இதுல மீசையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே மச்சான். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்ல."

மைத்துனர் காலியாயிருந்த பீரோ மூலையைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதைவிட, பீரோவை விக்கறது உங்களுக்குச் சுலபமாப் போச்சா?"

பூட்டுக்காரர் தலை குனிந்தார்.

"சரி, பாதித் தவணைன்னா பாதி மீசை. எந்தப் பக்கம் எடுக்கறதா உத்தேசம்?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். மனைவி அடக்கவே இல்லை.

"பாதி மீசையோட நீங்க என் கடைப் பக்கம் வந்தா, வர்றவன் துணியைக்கூட வாங்காம ஓடிருவான். அந்த நஷ்டத்தை யார் கட்டறது? மீசை இருக்கட்டும்." முட்டைக் குழியிலிருந்து பேனாவை எடுத்து ஆறாவது கடிதத்தின் அடியில் எழுதினார்: 'சம்மதம். ஃபிரிட்ஜில் தண்ணீர் வைக்கவும்.' பிறகு ஃபிரிட்ஜின் சுவிட்சைத் தானே போட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பூட்டுக்காரர் அந்தக் கடிதத்தை மேல்தட்டிலேயே வைத்து, ஃபிரிட்ஜ் கதவை மூன்று முறை மூடி, மூன்று முறை திறந்து பார்த்தார். மூன்று முறையும் விளக்கு எரிந்தது. பீரோ வாங்கும்வரை சட்டைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவையும் அங்கேயே இருந்தன.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர் அறையிலிருந்து அலறினார்.

"என்னங்க, தண்ணி ஜில்லுனு ஆயிடுச்சா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"தண்ணியை அப்புறம் பாக்கலாம்டி. சட்டை ஆயிடுச்சு!" என்றார் அவர், நடுங்கிக்கொண்டே மீசையை முறுக்கிவிட்டு.