நெவேனா காத்திருந்த இரண்டு மணி நேரம்

அந்தச் சனிக்கிழமை காலை நான் பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் ப்ளெவென் நகரத்துப் பால்கனிகள் எல்லாவற்றிலும் அந்தப் புகைதான். உள்ளே ஃபோன் அடித்தது. நெவேனா எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் இறங்கிப்போனது. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

நெவேனா என் மனைவி. வாரநாட்களில் குடிநீர் அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் கணினிதான். இலவசமாகக் கிடைக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களையும், தனி ஆட்கள் உருவாக்கும் விளையாட்டுகளையும் தன் கணினியில் போட்டுப் பார்த்து, நல்லதை நல்லது என்றும் குப்பையைக் குப்பை என்றும் வலைப்பதிவில் எழுதுவாள். ஒன்பது வருடமாக எழுதுகிறாள். நான் மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த கணினி அறிவெல்லாம் அவள் புலம்பக் கேட்டு வந்ததுதான்.

ஃபோனில் இருந்தவர் மெதோடி. லோவெச்சில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவளுடைய பதிவு ஒன்று விடாமல் படிப்பவர்.

"என் கம்ப்யூட்டர்ல எல்லா ஃபைலும் பேர் மாறிக் கெடக்கும்மா. எதுவும் தெறக்கல. நடுவுல இங்கிலீஷ்ல ஒரு மிரட்டல் கடுதாசி வேற."

"புதுசா என்ன போட்டீங்க ஐயா?"

"நீங்க எழுதறதத் தவிர நான் எதப் போட்டேன்? வியாழக்கிழம எழுதினீங்களே, திரையப் படம் புடிக்கறது. நேத்து ராத்திரி அதத்தான் போட்டேன்."

அவள் அலமாரியிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்தாள். தன் பதிவில் கொடுத்திருந்த இணைப்பை அழுத்தி அந்த மென்பொருளை மறுபடி இறக்கினாள். வைஃபையைத் துண்டித்துவிட்டு ஓடவிட்டாள். நான் மீன் பிடித்த படங்களின் நகல்கள் அதில் நூறு இருந்தன. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு படமாக வெள்ளைச் சதுரமாகிக்கொண்டே வந்தது.

உடனே வார்னாவில் இருக்கும் யாவோரை அழைத்தாள். அந்த மென்பொருளை எழுதியவன் அவன்தான். செவ்வாய்தோறும் இவளும் அவனும் இணையத்தில் ஒரே கப்பலில் ஏறிக் கடற்கொள்ளை விளையாடுவார்கள். ஆறு வருடப் பழக்கம்.

"யாவோர், உன் தளத்துல இருக்கறது நீ வெச்ச ஃபைல் இல்ல. போன மாசம் நான் எறக்கினது ஒம்பது எம்பி சைஸ். இது பன்னெண்டு."

"என்ன உளர்ற?"

"என் பழைய லேப்டாப் கண்ணு முன்னாடி செத்துக் கெடக்கு. உளர்றேனா நான்?"

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் வேகமாகப் பேசினான். "எவனோ உள்ள பூந்து மாத்தியிருக்கான். சரி, எடுத்துடறேன். ஆனா நீ ஒண்ணும் எழுதிடாத. திங்கக்கிழம சோஃபியாவுல, இத வாங்கறேன்னு சொன்ன கம்பெனியோட பேச்சு இருக்கு. இன்னிக்கு நீ எழுதினா அவங்க மொதல்ல படிக்கறதே அதத்தான். ரெண்டு மணி நேரம் குடு, நெவே. நல்ல ஃபைல ஏத்திட்டு நானே அறிவிக்கறேன்."

"கெட்டத எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு. நீ பதிவுல கை வெக்காத, அவ்வளவுதான்."

அப்போது மணி பத்து நாற்பது.

அவளுடைய பதிவில், இணைப்பை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று காட்டும் ஒரு எண் உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவே இல்லை.

"எழுதிடு" என்றேன்.

"அவன் எனக்கு ஆறு வருஷமாத் தெரிஞ்சவன், அசென்."

"மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல."

"உன் டிப்போக்காரங்க மூஞ்சியத் தினமும் பாக்கற. அவங்கள நம்பறியா?"

பதினொன்றரைக்கு எண் இருநூற்று இருபத்தொன்று ஆனது. மெதோடி இரண்டு தடவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

"இப்ப அழுத்தறவங்கெல்லாம் எங்க போறாங்க?" என்று கேட்டேன்.

"காலிப் பக்கத்துக்கு. ஃபைல்தான் இல்லையே."

"பாத்தியா?"

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திப் பார்ப்பது அவனைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நானாவது அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. மிளகாய் கருகும் வாசனை வந்ததும் பால்கனிக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்கு யாவோரை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறை ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, என்னைப் பார்க்காமல், அந்த இணைப்பை அழுத்தினாள். திரையின் ஓரத்தில் பச்சைக்கோடு ஓடி முடிந்தது. பன்னிரண்டு எம்பி. கோப்பு அங்கேயேதான் இருந்தது.

அதை அவனால் எடுக்கவே முடிந்திருக்கவில்லை. புகுந்தவர்கள் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். வெட்கப்பட்டு எங்களிடம் மறைத்துவிட்டு, உள்ளே நுழையத்தான் இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறான். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அவள் இணைப்பை நீக்கினாள். ஆறு வரியில் எச்சரிக்கை எழுதி, யாவோர் பெயரையும் போட்டு வெளியிட்டாள். எண் இருநூற்று முப்பத்தொன்று. அவள் அழுத்தியதைக் கழித்தால், காத்திருந்த நேரத்தில் மட்டும் பதினெட்டுப் பேர்.

பதிவின் அடியில் ஒரு பின்னூட்டம் இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு. 'இப்பதான் போட்டேன் அக்கா. என் விளையாட்டுப் படங்கள இதுலயே எடுத்து ராத்திரி அனுப்பறேன். கலினா.'

நெவேனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கலினா ஷூமெனில் இருக்கும் செவிலி. பனியில் வழி தவறிய ஒரு தபால்காரியை வைத்து இரண்டு வருடமாகத் தனியாக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு கதவும் அவள் கையால் வரைந்தது. அதைப் பற்றி நெவேனா மூன்று முறை எழுதியிருக்கிறாள். உடனே அவளை ஃபோனில் அழைத்தாள்.

"கலினா, எங்க இருக்க?"

"பஸ்ல. டியூட்டிக்குப் போய்க்கிட்டிருக்கேன். ஏன்க்கா?"

"கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஆமா. படமெல்லாம் ஒண்ணாச் சேக்க விட்டுட்டு வந்தேன்."

"எறங்கு. வீட்டுக்கு ஓடு. எதையும் அழுத்தாத, அணைக்கக்கூட அணைக்காத. வயரப் புடுங்கு."

ஸ்பீக்கரில் பஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சிரைப்பு, படிக்கட்டு, சாவி. நெவேனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'டப்' என்று ஒரு சத்தம்.

"புடுங்கிட்டேன். தபால்காரி இருந்த ஃபோல்டர் வெள்ளையா இருந்துச்சு. என்னக்கா நடக்குது?"

நெவேனா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். காலையிலேயே தனக்குத் தெரியும் என்பதையும்.

"நான் போடறதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டாள் கலினா.

"ஆமா."

ஃபோன் துண்டிக்கப்பட்டது.

அன்று மாலை நெவேனா இன்னொரு பதிவு எழுதினாள். தனக்கு எப்போது தெரிந்தது, எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று மணிக்கணக்கோடு. நான் வேண்டாமென்றேன். கேட்கவில்லை. திட்டி வந்த பின்னூட்டம் எதையும் நீக்கவில்லை. மீதிப் பதினேழு பேரில் பதினொரு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மெதோடியின் படங்களில் பாதி அவர் மகளிடம் இருந்தன. யாவோரின் சோஃபியாப் பேச்சு நடக்கவில்லை. 'உன்ன நம்பினேன்' என்று ஒரு வரி அனுப்பினான். 'நானும்' என்று இவள் எழுதி, அனுப்பாமலே அழித்தாள். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது என்னோடு தொலைக்காட்சி பார்க்கிறாள். பாதியில் தூங்கிவிடுகிறாள்.

கலினாவின் நிரல் தப்பிவிட்டது. ஓவியங்கள் போய்விட்டன. வசந்தத்தில் எடுத்து வைத்திருந்த ஒரு நகல் மட்டும் இருந்தது; அதற்குப் பிறகு வரைந்ததையெல்லாம் மறுபடி வரைந்தாள். அடுத்த ஜூனில் விளையாட்டு வெளிவந்தது. அவள் நெவேனாவுக்குச் சொல்லவில்லை. வேறொருவர் பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நெவேனா அதை வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்க விளையாடினாள். கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. அதை மெதுவாகப் படித்தாள். அவள் பெயர் இல்லை.

"எப்படியிருக்கு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாயிருக்கு" என்றாள். அதைப் பற்றி அவள் எழுதவில்லை.