இடது விலாவில் ஒரு புள்ளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. உண்மைதான். பூசி மெழுகிப் பேசினால் எனக்குப் பிடிக்காது. அந்தக் கலையில் எங்கள் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு பேருமே கால்நடை மருத்துவர்கள். நான் ஒரு எக்ஸ்ரே மெஷினும் ஒரு ஸ்கேன் மெஷினும் வைத்துச் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். அவள் வேறொரு நகரத்தில், படம் பார்த்து நோய் சொல்லும் நிபுணர். பல ஊர்களிலிருந்து வரும் படங்களைத் திரையில் பார்த்து முடிவு சொல்வாள். நாய் நக்காத, பூனை பிறாண்டாத டாக்டர் என்று அவளைக் கிண்டல் செய்வேன்.

அன்று காலை அப்பாவின் நாய் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேனேஜர் என்று பெயர். வேலை ஒன்றும் செய்யாமல் படுத்துக்கொண்டே எல்லோரையும் உறுமும் என்பதால் அப்பா வைத்தது. ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஸ்கேனில் மண்ணீரலில் பெரிய கட்டி, ரத்தம் கசிகிறது. நுரையீரலுக்குப் பரவாமல் இருந்தால் உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பரவியிருந்தால் அறுப்பதே பாவம், ஊசி போட்டுத் தூங்கவைக்க வேண்டியதுதான். அம்மா போன பிறகு அப்பா வாய்விட்டுப் பேசுவது அந்த நாயோடுதான். அவரே, "துடிக்க மட்டும் விட்டுடாதம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

மார்பை இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தேன். இடது பக்கம் வட்டமாக ஒரு புள்ளி. அக்காவிடம் கேட்டாக வேண்டும், ஆனால் வீட்டு நாய் என்று தெரிந்தால் மென்று விழுங்குவாள். அதனால் பெயரை எழுதவில்லை. தெருநாய், ஆண், வயதானது என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

சீக்கிரமே அழைத்தாள். வீட்டு நாய் என்றால் பேசுகிற பூசி மெழுகல் இல்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பரவிவிட்டது, அறுக்க வேண்டாம், நிம்மதியாகப் போகவிடு என்றாள். நான் ஆசைப்பட்ட நேர்மைதான். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது படத்தையும் பார்த்துவிடுகிறேன் என்று அவள் திறந்தாள். அது மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்தது, முன்னங்கால்களும் படத்தில் பதிந்திருந்தன.

"அந்தக் கால்ல இருக்கிறது நான் போட்ட கம்பி," என்றாள். படிக்கிற காலத்தில் அவள் செய்த முதல் ஆபரேஷன் அது. நுனி சற்று வளைந்துபோன கம்பி. "மேனேஜராடி?"

ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அவனோட காலிங் பெல் எங்கடி இருக்கு?"

மேனேஜரின் இடது விலாவில், ரோமத்துக்குள், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மரு. அழுத்தினால் உறுமும். நாங்கள் வைத்த பெயர்தான் காலிங் பெல். தோலில் இருக்கும் மரு எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குள் இருப்பதுபோல விழும். முதலாண்டு மாணவன்கூட இதைச் சொல்வான். அந்த நாயைக் குளிப்பாட்டுகிறவளே நான். ஆனால் மேஜையில் கிடத்தியதும் அது எனக்கு ஒரு படமாகிவிட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

எக்ஸ்ரேயில் பளீரென்று தெரியும் மருந்துப் பசையை அந்த மருவின்மேல் தடவி மறுபடி எடுத்தேன். புள்ளி இருந்த அதே இடத்தில் பசை தெரிந்தது. நுரையீரல் சுத்தம். வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "நிஜமாவே தெருநாயா இருந்திருந்தா, இந்நேரம் ஊசி போட்டிருப்ப. நான் சொன்னேன்னு."

இனிமேல் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்து எழுதாமல் எனக்குப் படம் அனுப்பாதே என்றாள். தானும் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றாள்.

அப்பாவிடம் போனேன். எக்ஸ்ரேக்காகக் கழற்றிக் கொடுத்த கழுத்துப் பட்டையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "இது இனி வேண்டாம்ல? தூக்கிப் போட்டுடவா?" என்றார்.

கட்டி எப்படிப்பட்டது என்று அறுத்த பிறகுதான் தெரியும். பிழைக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. அதையெல்லாம் அப்படியே சொல்லத்தான் வெளியே வந்தேன்.

"தொலைச்சிடாதீங்கப்பா," என்றேன். "வீட்டுக்குப் போகும்போது மாட்டணும்."

சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குக் கை கழுவ உள்ளே போனேன். அக்காவுக்குத் தங்கைதானே நானும்.