துண்டு போட்டு மூடிய பெட்டி

வீட்டில் கட்டிய ரேடியோவில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்கிறவர்களின் ஞாயிறு காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிடுகிறவர் வெளியூரில் அச்சகம் வைத்திருந்தார். அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் வெல்டருக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

"லிஃப்ட் மெக்கானிக் அண்ணே, நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. அடுத்து யாரு? வெல்டர் தம்பியா? ஏதோ முனகல்தான் கேக்குது. திருப்பிச் சொல்லுங்க."

வெல்டர் மூன்று முறை திருப்பிச் சொன்னான். அதற்குள் கூட்டம் அடுத்தவருக்குப் போய்விட்டது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். இரண்டு வாட்டுக்கு மேல் யாரும் போகக்கூடாது. சைக்கிள் டைனமோ விளக்கு எரிகிற சக்தி கூட இல்லாமல் நானூறு மைல் பேசுவதில்தான் அவர்களுக்குப் பெருமை. மீறினவனை யாரும் விரட்டமாட்டார்கள். அவன் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் வெல்டருக்குச் சகலை. வெல்டரின் மனைவியுடைய அக்காவைக் கட்டியவர். வீடு இரண்டு தெரு தள்ளி. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே படத்தைப் பார்த்து, ஆளுக்கொரு ரேடியோ கட்டியவர்கள். மொட்டைமாடியில் இழுத்த கம்பி கூட ஒரே சுருளில் வெட்டியது. போன வருஷம் வரை இரண்டு பேர் குரலும் ஒரே அளவில்தான் கேட்டது. இப்போது ஒருவர் முழங்குகிறார், இன்னொருவன் முனகுகிறான் என்றால் என்ன அர்த்தம்?

"அவர் நடுவுல சக்தியக் கூட்டற ஆம்ப் மாட்டிட்டாரு" என்றான் வெல்டர்.

மனைவி கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். "மாமாவா? பஸ்ல கண்டக்டர் மறந்தாக்கூட கூப்பிட்டு டிக்கெட் வாங்கற மனுஷன்."

"டிக்கெட் வேற. இது வேற."

"எனக்கு வலி எடுத்தா எங்கக்காதான் வந்து நிக்கணும். உங்க அம்மாவும் இல்ல, எங்க அம்மாவும் இல்ல. அத ஞாபகம் வச்சுக்கிட்டு எதையும் பேசுங்க."

அவன் குடையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனான். சகலை அப்போதுதான் ரேடியோவில் யாருடனோ பேசி முடித்திருந்தார். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரம் பார்த்து ரேடியோவின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு வாட்டுக்கு இவ்வளவு சூடு ஏது? தன்னுடையது எப்படியிருக்கும் என்று அவன் தொட்டுப் பார்த்ததே இல்லை. அது அப்போது தோன்றவில்லை. மேசைக்கடியில் ஒரு பெட்டி, மேலே துண்டு. துண்டுக்குள்ளிருந்து தடித்த ஒயர் ஒன்று சுவருக்குப் போனது.

"அது என்ன சகலை?"

"எதுப்பா? அதுவா. உங்க அண்ணியோட தையல் மெஷின் மோட்டார். தூசி போகுதுன்னு மூடியிருக்கா."

மோட்டாருக்கு யாராவது துண்டு போர்த்துவார்களா? அவர் முகம் பார்க்காமல் டம்ளரை நீட்டியதும் வெல்டருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரைப் பாதி குடித்து வைத்துவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே கதை. சகலைக்குப் பாராட்டு, இவனுக்கு "யாரது?". வெல்டர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு கத்தினான்.

"ரெண்டு வாட் ஆளுங்க மட்டும் இங்க இருந்தா நல்லா இருக்கும். சில வீட்ல துண்டு போட்டு மூடின பொட்டி இருக்குது."

அதுமட்டும் எல்லோருக்கும் கேட்டுத் தொலைத்தது. பிறகு சகலையின் குரல், தெளிவாக.

"என் வீட்டைத்தான் சொல்றான். சந்தேகம் இருக்கறவங்க வந்து தெறந்து பாத்துக்குங்க. நான் போயிட்டு வரேன்."

அவர் திரும்பி வரவில்லை. அந்த வாரம் முழுக்க அக்காள் போனை எடுக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையைத் தானே எடுத்துவைத்தாள். தானே தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். அவன் கண்முன்னாலேயே மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காற்றில் கம்பி தொய்ந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உரசியது. இழுத்துக் கட்ட மாடி ஏறினான். நடுவில், ரேடியோ ஒயர் வந்து சேர்கிற இடத்தில், அவன் ஈயம் வைத்துப் போட்ட பற்று. மேலே சுற்றிய டேப் கிழிந்திருந்தது. பிரித்தான். உள்ளே பச்சைப் பொடி. பட்டறையில் புது ஆள் போட்ட பற்றை வளைத்துப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் வளைத்தான். ரொட்டி போல் உதிர்ந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அன்று இதைப் பற்றவைக்கும்போது சகலை தன் ஈயச் சுருளை நீட்டினார். "இதுல பிசின் உள்ளேயே இருக்குது. செம்புக்கு இதான் நல்லது." "பத்த வைக்கறதுல எனக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டு, பட்டறையில் தகரத்துக்குத் தடவுகிற அமிலத்தைத் தடவினான். தகரம் தாங்கும். மெல்லிய செம்பை அந்த அமிலம் உட்கார்ந்து தின்றிருக்கிறது. அவனுடைய இரண்டு வாட்டில் முக்கால்வாசி இந்தப் பச்சையைத் தாண்டவே இல்லை. மற்றவர்கள் பேசுவது எப்போதும்போல் கேட்டதால் அவன் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை.

கெட்ட துண்டை வெட்டிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டான். பிசின் ஈயம் வாங்கிவந்து புதிதாகப் பற்றவைத்தான்.

ஞாயிறு.

"அடேங்கப்பா" என்றார் அச்சகக்காரர். "தம்பி, என்ன இது? போன வாரம் முனகல், இந்த வாரம் முழக்கம். என்னத்த மாட்டினீங்க?"

"ஒண்ணும் மாட்டல. ஜாயின்ட் கெட்டுப்போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"வெல்டர் ஜாயின்ட்டா கெட்டுப்போச்சு?" என்றது ஒரு குரல்.

"துண்டு போட்டு மூடிட்டீங்களா தம்பி?" என்றது இன்னொன்று.

சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. அச்சகக்காரர்கூட அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ரேடியோவை அணைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தான். சகலை கதவைத் திறந்தார். "வா" என்று சொல்லவில்லை, வழியும் விடவில்லை. வெல்டர் காகிதத்தைப் பிரித்து நீட்டினான். அவர் அந்தத் துண்டை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"பட்டறை அமிலம்."

"ஆமா சகலை."

"பிசின் வச்சுக்கோன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. நான் பேசினது தப்பு."

"இன்னைக்கு கேட்டேன். நான் பேசலைன்னாலும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவன் கக்கத்திலிருந்த ரேடியோவின் முதுகில் சகலை உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்குதே."

"வெயில்ல நடந்து வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ரேடியோவை வாங்கி உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வெல்டர் பின்னாலேயே வந்து நின்றான். உட்காரச் சொல்ல ஆளில்லை. மேசைக்கடியில் அந்தப் பெட்டி, அதே துண்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்தான். கண் அங்கேதான் போயிற்று.

அக்காள் உள்ளேயிருந்து ஒரு பையோடு வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. குனிந்து துண்டை வெடுக்கென்று உருவி, உதறி, மடித்துப் பைக்குள் திணித்தாள். அடியில் பெல்ட் தேய்ந்த தையல் மெஷின் மோட்டார் இருந்தது.

"நல்லா பாத்துக்க" என்றாள். "நான் போறது என் தங்கச்சிக்காக. உங்க ரெண்டு பேர் பொட்டிக்காக இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். வெல்டர் பின்னால் போகத் திரும்பினான்.

"நீ எங்க போற?" என்றார் சகலை. முதல் திருகு கழன்று மேசையில் உருண்டது. "இன்னும் மூணு இருக்குது. நில்லு."