தாழ்ப்பாள் இருந்த ஒரே அறை

குழாயை அடியோடு மூடி, மொட்டைமாடித் தொட்டியையும் காலி செய்த பிறகும், பூட்டுக்காரர் வீட்டுக் குளியலறையின் கிழக்குச் சுவர் நாளொன்றுக்கு இரண்டு வாளி தண்ணீர் கொடுத்தது. நல்ல கோடை அது. தெருவில் மற்ற வீட்டார் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா கிடைக்கிற தண்ணீரை ஏன் வீணாக்குவது என்று சுவரடியில் பிடித்து வாசல் செடிகளுக்கு ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் செடிகள் கருகின. துணி துவைத்துப் பார்த்தார்கள், சோப்பு நுரைக்கவில்லை. குழாய்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். சுடுதண்ணீர்க் குழாய்தான் கசிகிறது என்றார் ஒருவர். கழிவுக் குழாய் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் முன்னால் வந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இரண்டு குழாய்களையும் மாற்றினார். சுவர் தன் பாட்டுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

பூட்டுக்காரர் கடைவீதி முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஆணி, கீல், கொக்கி, வாளி, சங்கிலி என்று எல்லாம் விற்றாலும் பூட்டும் தாழ்ப்பாளும்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. அந்த வட்டாரத்தில் இரவில் சாத்தப்படும் கதவுகளில் பாதிக்கு மேல் அவர் கடைத் தாழ்ப்பாளில்தான் சாத்தப்பட்டன. ஆனால் அவர் வீட்டுக்குள் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வீடு கட்டும்போதே தச்சரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரே குடும்பம். இதுல யாருக்கு யார்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல யாரால் முடியும்? மூத்த மகனுக்குக் கல்யாணமான புதிதில் அவன் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் பார்த்தான். மறுநாள் காலையில் பூட்டுக்காரர் கதவைத் தள்ளி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டார். "இது இங்க இருக்க வேண்டிய நாற்காலி" என்றார், கோபமே இல்லாமல். குளியலறைக்கு மட்டும் உள்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. அதுவும் அவரும் குளிக்க வேண்டியிருந்ததால்தான்.

மூத்த மருமகளை வீட்டில் பெரியவள் என்றும் இளைய மருமகளைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். பெரியவளின் மகள் நான்கு வயதில், ஒரு சாதாரணக் காய்ச்சலில், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள் செத்துப்போனாள். சாயங்காலங்களில் கடையில் தாத்தா மடியில் உட்கார்ந்து பழைய சாவிக் கொத்து ஒன்றைக் குலுக்கிக்கொண்டிருப்பாள் அந்தக் குழந்தை. வருகிறவர்களிடம் உங்கள் வீட்டுச் சாவி இதில் எது என்று கேட்பாள். குழந்தையின் உடலை எடுத்துக்கொண்டு போன மறுநாள் பூட்டுக்காரர் கடையைத் திறந்துவிட்டார். அப்போது சின்னவள் மாசமாக இருந்தாள். மாமியார் பெரியவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீடும்மா. அவ காதுல அழுகைச் சத்தம் விழ வேண்டாம். மனசை வேற வேலையில வெச்சுக்கோ" என்றாள். கொடுமைக்காரியாக அல்ல, அடுப்பில் பால் இருக்கிறது பார்த்துக்கொள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பெரியவள் தன் அறைக்குள் போய் அழலாம் என்றால் இஸ்திரி மேசை அந்த அறையில்தான் இருந்தது. சட்டையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் அவள் குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாளைப் போட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு, கிழக்குச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து அழுதாள். காலையில், மத்தியானத்தில், விளக்கு வைத்த பிறகு என்று போனாள். எங்கே அவள் என்று கேட்டால், "குளிக்கிறா" என்பான் அவள் புருஷன். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு இத்தனை வேளை குளிப்பாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வீட்டார் கெட்டிக்காரர்கள். குழாய்த் தண்ணீர் தரையோடு ஓடிவிட்டது. அவள் கண்ணீரைச் சுவர் குடித்தது, குடிக்க முடியாதபோது திருப்பிக் கொடுத்தது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் சின்னவளின் அறை. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து தொட்டிலில் கிடந்தபோது, தொட்டிலுக்கு மேலே சுண்ணாம்பு உரிந்து கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. துடைத்தால் இரண்டு நாளில் திரும்ப வந்தது. குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஓதம் இருக்கிறதா என்று கேட்டார். சுவர் காயாவிட்டால் பிள்ளை தேறாது என்று சொல்லிவிட்டார். பிறகுதான் பெரியவளின் புருஷன் பெரியவன் திட்டம் போட உட்கார்ந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். ஒழுகலைக் கண்டால் வாஷர் மாற்றத் தெரியும்; அதற்கு மேல் தெரியாது, பாவம். கட்டம் போட்ட தாளில் குளியலறையை வரைந்தான். பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்த வேண்டும், செங்கல் காய வேண்டும், தரையும் சுவரும் சேருகிற மூலைகளில் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும், அதன் மேல் நீர்காப்புப் பூச்சை ஒரு முறை நெடுக்காகவும் ஒரு முறை குறுக்காகவும் அடிக்க வேண்டும். தரையில் தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகு கூரைவரைக்கும் டைல்ஸ். ஆவியை வெளியே இழுக்க ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். எதையும் விடவில்லை அவன்.

தாளைக் கொண்டுவந்து பெரியவளிடம் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். "எவ்ளோ நாள் ஆகும்?" என்று கேட்டாள். மூன்று வாரம் என்றான். "அதுவரைக்கும்?" என்றாள். பின்பக்கம் தகரத் தடுப்பு வைத்துக் குளித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவன் தாளை மடித்தான். அவள் என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இந்தச் சுவரை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது என்று கேட்டிருக்கலாம். ஆனால் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமியது. ஒரு குழந்தையின் நெஞ்சில் அந்தச் சத்தம் எப்படித் தொடங்கி எங்கே போய் முடியும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். "நல்லாப் பண்ணச் சொல்லுங்க. சொட்டு ஈரம் இறங்கக் கூடாது" என்றாள்.

கான்ட்ராக்டர் ஆட்களோடு வந்து முதல் நாளே கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். தாழ்ப்பாள் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உளி பட்டதும் கிழக்குச் சுவரின் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்தது, அதன் பின்னால் உப்பு. சாதாரணமாகச் சுவரில் பூக்கிற மாவு உப்பு இல்லை. விரற்கடைக் கனத்துக்குப் பாளமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையும் பெயர்த்தால் அடியில் இன்னொரு பாளம், செங்கல்லோடு செங்கல்லாக ஒட்டிப் பழுப்பேறிப் போயிருந்தது. கான்ட்ராக்டர் நாலும் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். "ரெண்டு கசிவும்மா இது. மேல இருக்கிறது இப்போ வந்தது. அடியில இருக்கிறது முப்பது வருஷத்துக் கசிவு. அப்போ போட்ட குழாய் சரியில்ல" என்றார். மாமியார் கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். பழுப்பு உப்பில் ஒரு சில்லை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா செத்துப்போன தகவல் வந்தபோது கடையில் சரக்கு இறங்குகிற சமயம். இப்போது போனால் யார் சமைப்பது என்று பூட்டுக்காரர் அவளை அனுப்பவில்லை. அவளும் அந்த வாரம் முழுக்கக் குளித்தாள். சில்லை முந்தானையில் முடிந்துகொண்டு, பெரியவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பெரியவளுக்கு அவள் மாமியாராகத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கூடத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

கதவில்லாத அந்த மூன்று வாரமும் பெரியவள் அழவில்லை. அதனால் அவள் உடம்பு ஊறிப் பெருத்தது. முதல் வாரம் செருப்பு பத்தவில்லை. இரண்டாம் வாரம் விரலில் மோதிரம் இறுகி, பெரியவன் டிப்போவிலிருந்து சின்ன அரம் கொண்டுவந்து அறுத்து எடுத்தான். அறுக்கும்போது அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான், ஒரு தடவை தடவிக்கொடுத்தான், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் அவள் நடந்தால் தளும்பும் சத்தம் கேட்டது, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ நடப்பது போல. டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். அதே சமயம் குளியலறையில் வாசலுக்குக் குறுக்கே சிமெண்ட் வரப்பு கட்டி, தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். கான்ட்ராக்டர் சுவரில் பென்சிலால் போட்ட கோட்டை விட்டுத் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. "இனிமே இந்த ரூம் ஒரு சொட்டுக் குடிக்காது" என்று பெரியவளிடம்தான் பெருமையாகச் சொன்னார். ரொம்ப சந்தோஷம் என்றாள் அவள்.

கதவை மாட்டிய அன்று, முதலில் பூட்டுக்காரர் குளித்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் குளித்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் பெரியவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், குழாயைத் திறந்தாள், கிழக்குச் சுவரில் நெற்றியை வைத்தாள். டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. அதில் அவள் முகமே அவளைப் பார்த்தது. மூன்று வார அழுகையும் வந்தது. சுவர் அதில் ஒரு சொட்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. அடிக்குக் கால் அங்குலம் என்று பெரியவன் கணக்குப் பார்த்து வைத்த சரிவில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக ஓடி ஜல்லடைக்குள் போனது. அவள் கண்ணீர் மட்டும் போகவில்லை. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கி, நின்று, மேட்டை நோக்கித் திரும்பி ஏறி வந்து அவள் பாதத்தைச் சுற்றித் தேங்கியது. காலால் தள்ளிவிட்டாள், திரும்ப வந்தது. துடைப்பத்தால் தள்ளினாள், மறுபடியும் வந்தது. கதவைத் திறந்தால் கூடத்துக்குள் அவள் பின்னாலேயே வந்துவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள். இரண்டு வாளி நிறைந்தது. மோதிரம் இல்லாத விரல்கள் பழையபடி மெலிந்திருந்தன.

வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்தின் வழியாக நடந்தாள். வாசலுக்கு வேறு வழி கிடையாது. பூட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். சின்னவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாளியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வீடு கழுவும்போது செய்வது போல, பூட்டுக்காரர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார். அவள் தெருவோரத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாளும் ஊற்றினாள். ஒரு வாரம் கழித்து மாமியார் குளிக்கப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் முக்கால் வாளி இருந்தது, முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. அன்றிலிருந்து மருமகள் ஒரு வாளியும் மாமியார் ஒரு வாளியுமாகச் சேர்ந்து போனார்கள், சேர்ந்து திரும்பி வந்தார்கள். தெருவோரத்தில் அவர்கள் ஊற்றிய இடம் வெளுத்துப்போனது. அங்கே புல் முளைக்கவில்லை. நாய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. சின்னவளின் அறைச் சுவர் எலும்பாகக் காய்ந்தது. குழந்தைக்கு இருமல் நின்றது. நெஞ்சுக்குள் விசில் போன அன்று பெரியவள்தான் முதலில் கவனித்தாள், காதை வைத்துக் கேட்டு, நிம்மதியாகச் சிரித்தாள், பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியவள் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் சொல்லவில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்தது. ஒரு விடுமுறை நாளில், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, அது பூட்டுக்காரரின் நாற்காலிக்கு அடியில் புகுந்து, அங்கே கிடந்த அவர் கடைப் பைக்குள் கையை விட்டு, ஒரு பழைய சாவிக் கொத்தை இழுத்துப் போட்டது. எடுத்துக் குலுக்கியது. அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பெரியவளின் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. பூட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கும் சத்தம். அவர் காலையிலேயே குளித்துவிட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவரும் எவரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் வெளியே வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் அரை வாளி தண்ணீர். வழி தெரியாதவர் போலக் கூடத்தின் நடுவில் நின்றார்.

"இதை எங்கம்மா ஊத்தணும்?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"வாசல் மரத்தடியில வேண்டாம் மாமா, மரம் பட்டுப்போயிடும். வெளுத்துக் கிடக்கு பாருங்க, அங்கயே ஊத்திடுங்க. படி வழுக்கும், பாத்துப் போங்க" என்றாள் அவள்.

அவர் போவதற்கு வழிவிட்டு, பெரியவன் தன் காலை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் இரவு பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது அவர் கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. தாழ்ப்பாள் அளவுக்குச் சின்னதாக இருக்கிறதா என்று பெரியவள் எட்டிப் பார்த்தாள். அவர் அதைப் பிரித்துக் குளியலறைக்குள் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். புது வாளி, மூடி போட்டது. கடையிலேயே நல்ல ரகம் அதுதான் என்றார்.