லிஃப்ட்காரர் வீட்டுக் கூரை

லிஃப்ட்காரர் கட்டிய வீட்டில், சுவர் எழும்புவதற்கு முன்பே கூரை மேலே போய் நின்றுவிட்டது. தூண் கிடையாது, கயிறு கிடையாது, மூன்று மாடி உயரத்தில் வெறும் காற்றில் நின்றது. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்துக்கொண்டு, தங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

அது ஏன் அப்படிப் போனது என்பதற்குக் கொஞ்சம் முன்கதை இருக்கிறது. நகரத்தில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுக்க ஊரார் கால் நோகாமல் மேலே கொண்டுபோய் விட்ட மனிதர், தான் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத குடியிருப்பில், நாலாவது மாடியில். அந்தப் படிகளில் தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் காய்ச்சலில் துவண்ட பிள்ளைகளையும் ஏற்றியது அவருடைய சம்சாரம். ஊரில் எல்லாரும் பின்னாளில் லிஃப்ட்காரம்மா என்று கூப்பிட்டார்கள். ஆனால் அந்தம்மா புருஷனுடைய லிஃப்டில் ஒருநாள்கூட ஏறியதில்லை. முட்டி தேய்ந்ததற்கு டாக்டர் வாயில் நுழையாத பெயராக ஒன்று சொன்னார். அந்தம்மா அதற்கு வைத்த பெயர் படி.

ஓய்வு பெற்று மாலையும் கழுத்துமாக வந்து நின்ற புருஷனிடம் அந்தம்மா காபியைக் கொடுத்துவிட்டு நிபந்தனையையும் சேர்த்தே கொடுத்தார்.

“கிராமத்துல வீடு கட்டுறேன், கட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல, கட்டுங்க. ஆனா ஒரே ஒரு படி இருந்தாலும் அது என் வீடு இல்ல. நான் பாட்டுக்கு தங்கச்சி வீட்டோட போயிடுவேன். நீங்க தனியா ஏறி எறங்கிக்கிட்டு கெடங்க.”

சொன்னால் செய்கிற ஆள். தங்கச்சி வீடு தரைத்தளம் வேறு.

வீட்டுக்குப் படம் போட்டது, அந்த அலுவலகக் கட்டடத்தில் ஏழாவது மாடிக்குப் போகும் கட்டட நிபுணர் அம்மா. ஓய்வு பெற்ற பிறகும் லிஃப்ட்காரர் அங்கே போய் நிற்க, அதையும் லிஃப்டிலேயே போட்டார்; போகும்போது ஒரு அறை, வரும்போது ஒரு ஜன்னல் என்று மழைக்காலம் முழுக்க வரைந்தார். வெப்பமண்டலப் பாணி என்று அதற்குப் பெயர் சொன்னார். நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள், கண்ணாடிக்குப் பதிலாகக் காற்று புகுந்து போக மரச்சட்டங்கள், சுவரைத் தாண்டி ஆள் படுக்கிற அகலத்துக்கு நீண்டு நிற்கும் இறவாரம். வாசலிலிருந்து கொல்லைவரை தரை ஒரே மட்டம். “இந்த மாதிரி வீட்டுல சுவரெல்லாம் சும்மா பேருக்கு. கூரைதான் வீடு,” என்று சொல்லிவிட்டு ஏழில் இறங்கிப் போனார்.

கிராமத்துத் தச்சர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, நேராகப் பிடித்துப் பார்த்து, சரி என்றார். அந்த ஊரில் கூரையைத் தரையிலேயே கோத்துவிடுவார்கள். உத்திரம், கைமரம், மேலே பலகை எல்லாம் தரையில் முடிந்த பிறகு ஊரே கூடித் தோள் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கும், அடியில் தூண்களைச் செருகி நிறுத்துவார்கள். தச்சர் உயரத்தில் ஏற மாட்டார் என்பதால் வந்த வழக்கம் இது. அவருடைய அப்பாவுக்கும் தலை சுற்றும்.

அன்று காலை ஊர் கூடித் தோள் கொடுத்தது. தச்சர் “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லி மூன்றுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் லிஃப்ட்காரர், எல்லாரும் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்த பழக்கத்தில், தன்னையறியாமல் சொல்லிவிட்டார்.

“மேல போகுது, மேல போகுது. கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க.”

கூரை போய்விட்டது. தூக்கக் குனிந்தவர்களின் தோள் லேசாகிவிட்டது, அவ்வளவுதான். உயரே போய், ஒரு சின்னக் குலுக்கலோடு மூன்றாவது மாடியில் நின்றது.

“யோவ், நான் இன்னும் மூணே சொல்லலையே,” என்றார் தச்சர். அவருக்கு அதுதான் வருத்தம்.

கோடை முழுவதும் அதைக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்று “கீழ போகுது” என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த வங்கியின் பெயரைக்கூடச் சொன்னார். கூரை அசையவில்லை. கயிறு வீசி டிராக்டரில் கட்டி இழுத்ததில் டிராக்டரின் முன்சக்கரம்தான் மேலே எழுந்தது. இதற்கிடையில் கொத்தனார் தன் வேலையை நிறுத்தவில்லை. சுவரையும் சிவப்புத் தரையையும் முடித்துவிட்டார். லிஃப்ட்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே வாசலிலிருந்து அடுப்படி வழியாகக் கொல்லைவரை நடந்து பார்த்தார். எங்கும் தட்டவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தம்மாவுக்கு இத்தனை பல் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

தச்சர் தூண்களையும் நட்டுவிட்டார். கூரை வருமா வராதா என்று கேட்டவர்களிடம், “என் அளவு தப்பாது. வந்தா இதுலதான் உக்காரணும். வேற எங்க போயிடும்?” என்றார்.

வரத்தான் இல்லை. கடைசியில் கொத்தனார் ஒரு யோசனை சொன்னார்.

“கூரை எறங்கலன்னா என்னங்கய்யா, வீட்ட ஏத்திருவோம். மூணு மாடி கட்டுனா கச்சிதமா போய் ஒட்டிக்கும்.”

லிஃப்ட்காரம்மா அவரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். “கேட்டீங்களா? மூணு மாடியாம். பேஷ்.” அன்றே பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். முதல் மழைக்குள் கூரை வந்தால் இருப்பது, வராவிட்டால் அன்றைக்கே பஸ். அவர்கள் தங்கியிருந்த, சிமெண்ட் மூட்டை அடுக்கிய கீற்றுக் கொட்டகையில் மழைக்கு ஒண்ட முடியாது. அது எல்லாருக்கும் தெரியும்.

மழை ஒரு சாயங்காலம் மேற்கிலிருந்து வந்தது. முதல் சொட்டுகள் சிவப்புத் தரையில் விழுந்தபோது அந்தம்மா பெட்டியோடு கூடத்தின் நடுவில் நின்றார். பஸ் வருவதற்கு நேரமிருந்தது. போவதற்கு முன் இன்னொரு தடவை அந்தத் தரையில் நடக்க வந்திருப்பார் போல. லிஃப்ட்காரர் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். தச்சரும் கொத்தனாரும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

“ஏங்க, அங்க வேல பாத்தப்ப எறக்குனீங்கல்ல? அப்ப என்ன சொல்லி எறக்குனீங்க?”

“நான் எங்க எறக்குனேன்? மேல போறதுதான் நான் சொல்றது. ஏத்தி விட்டுட்டு அங்கயே நிப்பேன். கீழ இருந்து யாராவது மணி அடிப்பாங்க. கூப்பிட்டா வருவேன்.”

“கீழ நிக்கறவங்க கூப்பிடணுமா?”

“ஆமா. பின்ன?”

“இத்தன மாசமா இங்க யாராவது கூப்பிட்டாங்களா?”

இத்தனை நாளும் எல்லாரும் கூரையைத் துரத்தினார்கள், இழுத்தார்கள், இறங்கு என்று உத்தரவு போட்டார்கள். வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

“நல்லா லிஃப்ட் ஓட்டுனீங்க போங்க,” என்ற அந்தம்மா பெட்டியைக் கீழே வைத்தார். குடையை ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். நாலாவது மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. முதல்முறையாகக் கீழிருந்து மேலே போனது.

“இந்தா, கீழ வா! ஆள் நிக்குது!”

கூரை வந்தது. அவசரமில்லாமல், நேராக, வழியில் எங்கும் நிற்காமல் வந்தது. அதன்மேல் கூடு கட்டியிருந்த காக்கை எழுந்திருக்கவேயில்லை. தூண்களுக்கு ஒரு சாண் இருக்கும்போது தயங்கி, மட்டம் பார்த்து, ஒரு சின்னக் குலுக்கலோடு உட்கார்ந்தது. “பாத்து, பாத்து,” என்றார் லிஃப்ட்காரர். எந்தத் தூணும் அரை விரல்கூடத் தப்பவில்லை.

“மூணு,” என்றார் தச்சர்.

பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போனது. பலகை இடுக்கில் அங்கங்கே ஒழுகியது. அடுத்த வெயிலில் ஓடு வேய்ந்ததும் அதுவும் நின்றது.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. உச்சி வெயிலில் லிஃப்ட்காரர் “மேல போகுது” என்பார்; வீட்டுக்குள் தேங்கிய சூடெல்லாம் கூரையோடு கிளம்பிப் போகும். மழை இருட்டினாலோ தூக்கம் வந்தாலோ லிஃப்ட்காரம்மா கூப்பிடுவார், வந்து உட்காரும். ஏற்ற அந்தம்மாவால் முடியாது, இறக்க அவரால் முடியாது. வெயில் கொளுத்தும்போதும் கூரை கீழேயே இருந்தால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் தெரிந்துகொண்டு, பால்காரர் மட்டும் ஏதாவது சாக்கில் எட்டிப் பார்ப்பார். வெப்பமண்டல வீடென்றால் அப்படித்தான் என்று அந்த வட்டாரத்தில் நினைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து வீடு கட்டியவர்கள் தச்சரிடம், ஏறி இறங்குகிற மாதிரி வேண்டுமா, சும்மா இருக்கிற மாதிரி போதுமா என்று கலந்து பேசித்தான் மரம் எடுத்தார்கள்.

சாயங்காலம் லிஃப்ட்காரம்மா தோட்டத்தில் பறித்த கத்தரிக்காயை மடியில் கட்டிக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வருவார். லிஃப்ட்காரர் எழுந்து மரச்சட்டக் கதவை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“எத்தனாவது மாடிங்கம்மா?”

“கீழதான்,” என்றபடி அந்தம்மா உள்ளே போவார்.