நாலாவது பேஜ்காரி

கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கேட்டு வந்துவிட்டால் போதும், மாப்பிள்ளை கட்டாரில் தங்கியிருந்த அறையின் பக்கத்துக் கட்டில்காரன் வரைக்கும் போய் விசாரித்துவிடுவார்கள். பிடிக்காத இடமென்றால் சண்டை கிடையாது. தேத்தண்ணி கொடுத்து, "விசாரிச்சுட்டுச் சொல்றம்" என்று அனுப்பிவிடுவார்கள். வந்தவர்களுக்கும் அதன் பொருள் தெரியும். மறுபடி அந்தப் படலையைத் தட்ட மாட்டார்கள். றிப்னாவின் உம்மா சரீபா, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்க ஒலுவில் துறைமுகம் வரைக்கும் பஸ் ஏறிப் போய், மீன் வாங்குகிற சாட்டில் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வந்தவர். அந்த வீட்டில் பிறந்த றிப்னா, ஜவுபரைப் பற்றி ஒரு ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜவுபருக்குப் பெண்கள் உடுக்கிற கறுப்பு அபாயா விற்கும் கடை. றிப்னாவுக்குக் கடைகளின் பேஸ்புக் பேஜ் நடத்துவது தொழில். முதல் நாளே அவன் அவளை ஏழு தரம் தங்கச்சி என்றான். "இத ஒங்கட கடையெண்டு நினைச்சுக்கங்க" என்றான். எதையும் எழுத்தில் அனுப்ப மாட்டான், எல்லாம் போனில் கதைதான். அவளுக்கு முன் பேஜ் நடத்திய மூன்று பேரும் கள்ளர்கள் என்று சத்தியம் வேறு செய்தான். மூன்று பெண்டாட்டியையும் குறை சொல்லி விட்டவனுக்கு நாலாவதாக யாராவது பெண் கொடுப்பார்களா? றிப்னா சம்மதம் கொடுத்தாள். இரண்டு வருடம் இரவு பகல் பாராமல் உழைத்து, நாற்பதாயிரம் பேர் பார்க்கிற பேஜாக அதை ஆக்கியும் கொடுத்தாள்.

போன நோன்பில் துபாய்த் துணி வந்திருக்கிறது என்றான். அவளும் நம்பி, தன் குரலிலேயே லைவில் சொன்னாள். பெருநாள் முடிந்து முதல் அலசலில் கறுப்புச் சாயம் வாளி வாளியாக இறங்கியது. சனம் கடைக்கு வந்து கத்தியதும், ஜவுபர் அவளைப் பேஜிலிருந்து தூக்கிவிட்டு ஒரு போஸ்ட் போட்டான். பொய் விளம்பரம் செய்தது றிப்னா என்ற பெண்தான், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, கேட்க வேண்டியதை அவளிடம் கேளுங்கள். கீழே அவளுடைய போன் நம்பர்.

அன்றைக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. "நோம்பு வச்சிக்கிட்டா புள்ள பொய் சொன்ன?" என்று ஒரு பெண் அழுதாள். அதுதான் றிப்னாவைக் கொன்றது. அவளிடம் பேஜ் கொடுத்திருந்த இரண்டு கடைகள் அதே கிழமையில் விலகின. இந்தத் தொழிலில் பெயர்தான் முதல். அதை அவன் நடுத்தெருவில் போட்டு மிதித்துவிட்டான்.

ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த நாள், ஜவுபர் கள்ளி என்று சொன்ன மூன்றாவது ஆளைத் தேடிப் பாண்டிருப்புக்குப் போனாள். அவள் பெயர் யசோதினி.

"எனக்கும் இதேதான் செஞ்சவர் அக்கா. பேர் மட்டுந்தான் போடல்ல," என்றாள் யசோதினி. "நீங்க ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே."

அந்த ஒரு சொல்லை இனி எல்லோரும் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பேஜ் நடத்துகிறவர்களைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். புதுக் கடைக்காரர் யார் வந்தாலும் முதலில் குழுவில் பெயரைப் போட்டு விசாரிக்க வேண்டும், பிறகுதான் பதில். ஜவுபரின் பெயரை யாரும் கேட்கும் முன்பே றிப்னா போட்டாள். நடந்ததை மட்டும் போட்டாள், ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டத் தேவையுமில்லை. அவன் மண் கவ்வுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஜவுபர் இரண்டாவது கடை திறக்க நாள் குறித்தான். விளம்பரத்துக்கு ஆள் தேடினான். நிந்தவூரில் நேரமில்லை என்றார்கள். இறக்காமத்தில் ஒருவர் போனையே எடுக்கவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்று முழுக் காசையும் முதலில் கேட்டது. ஜவுபருக்கு முதலில் காசு கொடுக்கிற பழக்கமே கிடையாது. ஒவ்வொரு மறுப்பும் குழுவில் வந்து விழ, றிப்னா பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். நீண்ட நாளைக்குப் பிறகு தேத்தண்ணி ருசித்தது.

திறப்புக்கு ஐந்து நாள் இருக்கையில் அவனே வீட்டுக்கு வந்தான்.

"தங்கச்சி, பழசெல்லாம் மறந்திருவம். அல்லாஹ்வுக்காக இந்த வேலயச் செஞ்சு தாங்க."

"நானா, முதல்ல ஒங்கட பேஜில லைவ் வாங்க," என்று றிப்னாவும் அண்ணன் முறை வைத்தே சொன்னாள். "துணி துபாய்த் துணியில்ல எண்டு ஒங்களுக்குத் தெரியும். பழிய என்ட தலையில போட்டது பொய். சாயம் போன அபாயாவக் கொண்டுவாற எல்லாருக்கும் மாத்திக் குடுப்பீங்க. இந்த மூணையும் ஒங்கட வாயால சொல்லுங்க. மறுகா கதைப்பம்."

ஜவுபர் ஐந்து நாளை எண்ணிப் பார்த்தான் போலும். போனைத் தூக்கினான். லைவில் வந்து மூன்றையும் சொன்னான். உள்ளே சரீபா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அறுநூறு பேர் பார்த்துவிட்டார்கள். அழித்தாலும் பயனில்லை, பாண்டிருப்பில் யசோதினி அதைப் பதிவு செய்து முடித்திருந்தாள்.

றிப்னாவின் போன் அடித்தது. நோன்பைச் சொல்லி அழுத அதே பெண். "மன்னிச்சிருங்க மகள், ஒங்கள வீணாப் பேசிட்டன்." றிப்னாவுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். ஜவுபர் அதைப் பார்க்கக் கூடாது.

"சரிதானே தங்கச்சி?" என்றான் அவன். "நாளைக்கே வேலயத் தொடங்குவமா?"

சரீபா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"ஓம் நானா," என்றாள் றிப்னா. "விசாரிச்சுட்டுச் சொல்றம்."

அவன் கோப்பையைப் பார்த்தான். சரீபாவைப் பார்த்தான். கல்முனையில் பிறந்தவன், விளங்காமல் போகுமா? எழும்பப் போனான்.

"குடிச்சுட்டுப் போங்க நானா," என்றாள் றிப்னா. "ஆறுது."